நாக்குப் படம் போட்ட ரீசேட்: ரொக் இசை, போதை, நின்றுபிடிக்கும் பாட்டு

கிளிநொச்சிச் சந்தையில் உடுப்புக் கடைகளின் வாசலில் கறுப்பு ரீசேட்டுகள் வரிசையாகத் தொங்கும். ஒன்றில் சிவந்த உதடுகளுக்கு நடுவே நீட்டிய நாக்கு. இன்னொன்றில் மஞ்சள் சிரிப்பு முகம். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கல் குறிகள். மூன்றாவதில் சிலுவையொன்றில் பதித்த ஐந்து மண்டையோடுகள். முறையே ரோலிங் ஸ்ரோன்ஸ், நிர்வானா, கன்ஸ் அன் ரோசஸ் என்ற ரொக் இசைக்குழுக்களின் அடையாளங்கள் இவை. வாங்குகிற இளைஞனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. துணி மெல்லிசாக இருந்து, விலையும் படிந்தால் போதும்.

அதே இளைஞனின் ஊரில் போதைப்பொருள் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தால் அந்த ரீசேட்டும் பேச்சில் அகப்பட்டுக்கொள்கிறது. "இப்படியான படங்களைப் போடுகிற பிள்ளைகளைக் கவனியுங்கள்" என்று யாராவது சொல்வார். முன்வரிசைத் தாய்மார் தலையாட்டுவார்கள். பின்வரிசைப் பிள்ளைகளோ கைபேசியில் வேறொரு கதையை வாசித்திருப்பார்கள். 2025 ஜூலை 22 ஆம் திகதி ஒஸி ஒஸ்போர்ன் இறந்தார். பிளாக் சபாத் குழுவின் பாடகர். குடியிலும் கொக்கெயினிலும் பல பத்தாண்டுகளைக் கழித்தவர், 76 வயது வரை வாழ்ந்தார். இறப்பதற்குப் பதினேழு நாட்களுக்கு முன்னர், சொந்த ஊரான பேர்மிங்ஹாமில், காற்பந்து அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் பாடினார். அப்படியானால் போதை கொல்லும் என்பது பொய்யா? அந்தப் பாட்டுகளுக்கு எரிபொருளே அதுதானா?

ரொக் என்றாலே போதை என்கிற பெற்றோரும், போதை இல்லாமல் ரொக் இல்லை என்கிற பிள்ளைகளும் உண்மையில் ஒரே கட்சிதான். பாட்டையும் போதைப்பொருளையும் பிரிக்க முடியாது என்று இரு தரப்பும் நம்புகின்றன. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

1. ரொக் இசைக்குழு. கிற்றார், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், குரல், நான்கைந்து பேர். நமக்குப் பழக்கமான திரையிசையில் மெட்டமைப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை அழைக்கலாம். ரொக் குழுவில் பாட்டை ஆக்குபவர்களும் வாசிப்பவர்களும் அநேகமாக அதே ஆட்கள். ஒருவர் சரிந்தால் கூரையின் ஒரு கப்பே சரிகிறது. போதையின் விலை இந்த இசையில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

2. தாங்குதிறன். ஒரு பொருளைத் தொடர்ந்து எடுக்கும்போது உடல் அதற்குப் பழகி, அதே விளைவுக்குக் கூடுதல் அளவு கேட்கிறது. நிறுத்தினால் இந்தத் திறன் வேகமாக இறங்கிவிடும். சில வாரங்கள் விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் உடல் தாங்காது. ரொக் வரலாற்றின் பல மரணங்கள் "விட்டுவிட்டார்" என்று எல்லோரும் நிம்மதியடைந்த பிறகு நடந்தமைக்கு இதுவே காரணம்.

3. விலகல் அறிகுறிகள். பொருள் கிடைக்காதபோது வரும் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை. கடுங்குடிகாரர் வைத்திய உதவியின்றித் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

4. அடிமைநிலை. தீங்கு கண்முன் தெரிந்தும் நிறுத்த முடியாத நிலை. மருத்துவம் இதை நோயாகவே வகைப்படுத்துகிறது.

5. நிலைபேறு. ஒரு குழு கலைந்து, அல்லது அதன் ஆட்கள் இறந்து, பல ஆண்டுகள் கழித்தும் அப்போது பிறந்திராதவர்கள் அதைத் தேடிக் கேட்பதும், வேறு இசைக்கலைஞர்கள் அதிலிருந்து கற்பதும். ரீசேட் விற்பனை இந்தக் கணக்கில் சேராது. நாக்குச் சின்னத்தை 1970 இல் வரைந்தவர் ஜோன் பாஷ் என்ற கலைக்கல்லூரி மாணவர்; அவருக்கு முதலில் கொடுத்த கூலி 50 பவுண். இன்று அந்தப் படம் பாட்டைக் கேட்டே இராத கோடிக்கணக்கானோரின் நெஞ்சில் இருக்கிறது. நெஞ்சில் என்றால் துணியில்.

மேடைக்காரரிடம் ஏன் அதிகம்?

இசைக்கலைஞர்கள் இயல்பிலேயே ஒழுக்கம் கெட்டவர்கள் என்ற விளக்கம் சோம்பேறி விளக்கம். வேலையின் அமைப்பைப் பார்த்தால் காரணம் தானாகத் தெரியும்.

இரவு பதினொரு மணிக்கு ஆயிரக்கணக்கானோர் கத்த, இதயம் படபடக்க ஒருவர் மேடையை விட்டு இறங்குகிறார். உடல் முழு விழிப்பில் இருக்கிறது. தூங்கவேண்டும், காலையில் இன்னொரு நகரம். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று பொருட்கள் நுழைவது இந்த இடத்தில்தான். பீற்றில்ஸ் குழுவினர் 1960 தொடக்கம் 1962 வரை ஜேர்மனியின் ஹம்பேர்க் நகர இரவு விடுதிகளில் வாசித்த காலத்தில், மணிக்கணக்காக விழித்திருக்கப் பிரெலுடின் என்ற மாத்திரையை விழுங்கினார்கள். பசியை அடக்கி உடல் மெலிவதற்காக விற்கப்பட்ட மாத்திரை அது. ஞானம் தேடி விழுங்கவில்லை. முதலாளி கேட்ட மணித்தியாலங்களை நிரப்ப விழுங்கினார்கள். "அடித்தால் தூக்கமே வராது, இரவிரவாக வேலை செய்யலாம்" என்று சொல்லி ஐஸ் என்ற போதைப்பொருள் கைமாறும் கதைகளைக் கேட்டிருக்கும் வன்னி வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது சுற்றியிருப்பவர்கள். புகழ்பெற்ற பாடகரின் சாரதி, உதவியாளர், முகாமையாளர், சிலவேளை வைத்தியர் கூட அவரிடம் சம்பளம் வாங்குபவர். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவரின் சோறு, வேண்டும் என்று கேட்பவரின் கையில் இருக்கிறது. சாதாரண குடும்பத்தில் தாயோ மனைவியோ சண்டை பிடித்தாவது ஒருநாள் தடுப்பார்கள். அந்தச் சண்டை நடக்காத வீட்டுக்குப் பெயர் நட்சத்திர விடுதி.

உடலில் என்ன நடக்கிறது?

நம் ஊர்ப் பேச்சில் ஹெரோயினும் ஐஸும்தான் போதைப்பொருள். சாராயம் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. ரொக் வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது.

1. மது. ஏசி/டிசி குழுவின் பாடகர் பொன் ஸ்கொட் 1980 பெப்ரவரி 19 அன்று 33 வயதில் இறந்தார். மரண விசாரணை சொன்ன காரணம் கடும் மது நஞ்சாதல். அதே ஆண்டு செப்ரெம்பர் 25 அன்று லெட் செப்பலின் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் ஜோன் பொனம், 24 மணித்தியாலத்துக்குள் ஏறத்தாழ 40 அளவு வோட்கா குடித்துவிட்டுத் தூக்கத்திலேயே வாந்தி மூச்சுக்குழலை அடைத்து இறந்தார். வயது 32. ரொக் வகையைச் சேராதவர் என்றாலும் பாடகி ஏமி வைன்ஹவுஸையும் இங்கே சேர்க்க வேண்டும். 2011 இல் இறந்தபோது அவரது இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 416 மில்லிகிராம் மது இருந்தது. இங்கிலாந்தில் வாகனம் ஓட்ட அனுமதித்த எல்லை 80. சில காலம் குடிக்காமல் இருந்துவிட்டு மீண்டும் தொடங்கியிருந்தார். மேலே சொன்ன தாங்குதிறன் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கலாம். மூவரையும் கொன்றது கடையில் காசு கொடுத்துச் சட்டப்படி வாங்கக்கூடிய பொருள்.

2. ஹெரோயினும் அதன் உறவுகளும். வலியை அடக்கும் அபின் வகை. மூச்சு விடும்படி மூளை இடும் கட்டளையையே மந்தமாக்குவது இதன் ஆபத்து. தூங்குவது போலத் தெரியும். மூச்சு குறைந்து குறைந்து நிற்கும். பாடகி ஜானிஸ் ஜொப்ளின் 1970 இலும், அலிஸ் இன் செயின்ஸ் குழுவின் பாடகர் லேன் ஸ்ரேலி 2002 இலும் இப்படித்தான் போனார்கள். ஸ்ரேலியின் உடலில் கொக்கெயினும் கலந்திருந்தது. 1996 இற்குப் பிறகு அவர் தன் குழுவோடு மேடை ஏறவே இல்லை. மரணத்துக்கு முன்பே ஆறு ஆண்டுகள் போய்விட்டன.

3. ஊக்கிகள்: கொக்கெயின், அம்ஃபெற்றமைன், ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெற்றமைன். மூளையின் மகிழ்ச்சிச் சுரப்பான டொபமைனை ஒரேயடியாகத் திறந்துவிடுகின்றன. தான் பிரமாதமாக வாசிக்கிறோம் என்ற உணர்வு வரும். பதிவுசெய்து மறுநாள் கேட்டால்தான் உண்மை தெரியும். நாட்கணக்காகத் தூங்காதவருக்குச் சந்தேகம், குரல் கேட்டல், வெறி எல்லாம் பின்னால் வரும்.

4. மருந்துக் கடை மாத்திரைகள். 1970 செப்ரெம்பர் 18 அன்று கிற்றார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இறந்தது தூக்க மாத்திரையால். த ஹூ குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் கீத் மூன் 1978 செப்ரெம்பர் 7 அன்று இறந்தது, குடியை விடுவதற்காக எழுதிக்கொடுத்த மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியதால்.

மூன் பற்றி இன்னொரு காட்சி. 1973 நவம்பர் 20, கலிபோர்னியாவில் கௌ பலஸ் அரங்கு. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் முதல் இரவு. மயக்க மருந்தோடு குடியும் சேர, நிகழ்ச்சியின் நடுவே மூன் ட்ரம்ஸ் மீது சரிகிறார். தூக்கிக்கொண்டு போய் நினைவு திருப்பி மறுபடி உட்காரவைக்கிறார்கள். மீண்டும் சரிகிறார். கிற்றார் கலைஞர் பீற் ரவுன்ஷென்ட் ஒலிவாங்கிக்கு வந்து, கூட்டத்தில் நன்றாக ட்ரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறார். 19 வயது ரசிகர் ஒருவர் மேடை ஏறி மூன்று பாட்டுகளுக்கு வாசித்து நிகழ்ச்சியை முடித்துவைக்கிறார். உலகின் மிகச் சிறந்த ட்ரம்ஸ் கலைஞர்களில் ஒருவர் அந்த இரவில், டிக்கெட் வாங்கி வந்த ஒரு பையனை விடப் பயனற்றவராகக் கிடந்தார். போதை திறமையைக் கூட்டும் என்பவருக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

27 வயது என்ற கட்டுக்கதை

ரோலிங் ஸ்ரோன்ஸின் பிரையன் ஜோன்ஸ், ஹென்ட்ரிக்ஸ், ஜொப்ளின், த டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மொறிசன், நிர்வானாவின் கேர்ட் கொபெய்ன், வைன்ஹவுஸ். ஆறு பேரும் 27 வயதில் இறந்தவர்கள். அதனால் 27 என்பது மேதைகளுக்கு விதித்த வயது என்ற ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. நம் பக்கத்தில் அதற்குச் சோதிட விளக்கமும் சேர்ந்துவிட்டது. 2011 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு இதைக் கணக்காகவே பார்த்தது. 1956 முதல் 2007 வரை பிரித்தானியாவில் முதலிடம் பிடித்த அல்பங்களின் 1,046 கலைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 71 பேர் இறந்திருந்தனர். 25, 27, 32 ஆகிய வயதுகளில் இறப்பு வீதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 27 இல் உச்சம் எதுவும் இல்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் பொதுவாக அவர்களின் இறப்பு அபாயம் நாட்டின் ஏனைய மக்களை விட இரண்டு, மூன்று மடங்காக இருந்தது. அதாவது மந்திர எண் பொய்; ஆபத்து மெய். கதை மந்திர எண்ணை வைத்துக்கொண்டு ஆபத்தைக் கழித்துவிட்டது.

"ஒஸி 76 வயது வரை இருந்தாரே?"

இருந்தார். வியப்புத்தான். 2010 இல் ஒரு நிறுவனம் அவருடைய மரபணுத் தொகுதியையே வாசித்துப் பார்த்தது. மதுவைச் சிதைக்கும் நொதியோடு தொடர்புள்ள இடத்தில் சில வேறுபாடுகள் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே ஓர் ஆளை வைத்து அதற்கு மேல் எதையும் நிறுவ முடியாது.

தப்பியவரை மட்டும் எண்ணுவது வன்னியில் யாருக்கும் புரியவைக்கத் தேவையில்லாத தவறு. 2009 இற்குப் பிறகு மீள்குடியேறிய காலத்தில், சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருந்த காணிக்குள் போய் விறகு பொறுக்கிக்கொண்டு சேதமின்றி வந்தவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி யாரும் அங்கே மாடு கட்டவில்லை. மிதிவெடிக் காணியைப் பற்றிப் பேசத் திரும்பி வந்தவனுக்குத்தான் வாய் இருக்கிறது. நேர்காணல் கொடுப்பதும் சுயசரிதை எழுதுவதும் அதே போல உயிரோடிருக்கும் ரொக் கலைஞர்களே. முதல் அல்பத்துக்கு முன்பே அழிந்துபோன ட்ரம்ஸ்காரனின் கதையை அச்சிட ஆளில்லை.

இன்னொன்று. அந்த மண்டையோட்டுப் பலகையைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு மண்டையோடு என்றால் "உள்ளே போகாதே". அதே படம் ரீசேட்டில் வந்ததும் பெற்றோர் துணுக்குறுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. காரணம்தான் பிழை.

குடித்தவர்களே விலக்கிய மூவர்

போதைதான் அந்த இசையை ஆக்கியது என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல மதகுருவோ பொலிஸோ வேண்டாம். குழுக்களின் சொந்த முடிவுகளே போதும்.

1. 1969 ஜூன். ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பிரையன் ஜோன்ஸைக் குழு விலக்கியது. ஒலிப்பதிவுக்கு வருவதே அரிது. வந்தாலும் வாசிக்க முடியாத நிலை. அடுத்த மாதம் 3 ஆம் திகதி வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார்.

2. 1979. பிளாக் சபாத் குழு ஒஸியை வெளியேற்றியது. மற்ற மூவரும் அப்போது சுத்தமானவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருந்தும், பாட வேண்டியவர் பாட முடியாத நிலையில் இருந்தால் அல்பம் வராது. ரொனி ஜேம்ஸ் டியோவைக் கொண்டுவந்தார்கள்; அடுத்த ஆண்டே அல்பம் வந்தது.

3. 1990. கன்ஸ் அன் ரோசஸ் ட்ரம்ஸ் கலைஞர் ஸ்ரீவன் அட்லரை நீக்கியது. ஹெரோயினால் ஒரு பாட்டின் தாளத்தைக் கூட அவரால் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. பல தடவை வாசித்தவற்றை வெட்டி ஒட்டித்தான் அந்தப் பாட்டை ஒப்பேற்றினார்கள். குடியில் அந்தக் குழு யாருக்கும் சளைத்ததில்லை. அதன் பேஸ் கிற்றார் கலைஞர் டஃப் மக்கேகனுக்கு 1994 இல், முப்பது வயதில், குடியால் கணையமே வெடித்தது. பிழைத்தார், விட்டார், இன்றும் வாசிக்கிறார்.

போதை பாட்டைத் தந்திருந்தால் மிக அதிகமாக எடுத்தவரைத்தான் குழு பொத்திப் பொத்தி வைத்திருக்க வேண்டும். மூன்று குழுக்களும் அவரைத்தான் முதலில் வெளியே விட்டன. வாசிப்பது என்பது கை, காது, நேரம் மூன்றும் ஒத்துழைக்கும் வேலை. அது குழம்பும்போது முதலில் உணர்பவர் பக்கத்தில் நின்று வாசிப்பவர்.

போதையனுபவம் பாட்டின் பொருளாக வந்ததை மறுக்க முடியாது. துயரமும் போரும் பஞ்சமும் கூடத்தான் பாட்டின் பொருளாக வருகின்றன. முள்ளிவாய்க்காலைப் பற்றி நல்ல கவிதைகள் எழுதப்பட்டன என்பதால் யாரும் அதைக் கவிதைக்கான பயிற்சி என்று சொல்வதில்லை.

எது நின்றுபிடிக்கிறது?

1980 இன் இரண்டு மரணங்களுக்குத் திரும்புவோம். பொன் ஸ்கொட் இறந்த பிறகு ஏசி/டிசி சில வாரங்களில் பிரையன் ஜோன்சன் என்ற புதிய பாடகரை எடுத்தது. ஜூலை மாதமே வெளிவந்த அல்பம் உலகில் மிக அதிகம் விற்பனையான இசைத்தட்டுகளில் ஒன்றாகியது. பொனம் இறந்த பிறகு லெட் செப்பலின் அந்த ஆண்டு டிசெம்பர் 4 அன்று, அவர் இல்லாமல் தொடர முடியாது என்று அறிவித்துக் கலைந்தது. 2007 டிசெம்பரில் லண்டனில் ஒரே ஓர் இரவு முழு நிகழ்ச்சி நடத்தியபோது ட்ரம்ஸ் முன் உட்கார்ந்தவர் பொனத்தின் மகன் ஜேசன்.

இரண்டு குழுக்களும் இன்றும் கேட்கப்படுகின்றன. எனவே ஆளை மாற்றுவதா, கடையை மூடுவதா என்பது நிலைபேற்றைத் தீர்மானிக்கவில்லை. வேறெவை?

முதலாவது, மரணத்துக்கு முன் சேர்த்துவைத்த வேலை. லெட் செப்பலின் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு அல்பங்களைச் செய்து முடித்திருந்தது. கேட்பவர் திரும்பிவருவது அவற்றுக்காக.

இரண்டாவது, பாத்திரம் ஆளை விடப் பெரிதாக இருப்பது. முல்லைத்தீவுப் பக்கத்தில் காத்தவராயன் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. விடிய விடிய நடக்கும் கூத்தில் ஒரே காத்தவராயனை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அடுத்தடுத்து ஆடுவார்கள். முன் ஆடியவர் உள்ளே போக, அடுத்தவர் அதே சலங்கைச் சத்தத்தோடு வெளியே வருவார். பார்ப்பவர் குழம்புவதில்லை, ஏனென்றால் மெட்டும் தாளமும் மாறவில்லை; கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மாறவில்லை. ஏசி/டிசியில் அண்ணாவியார் இடத்தில் இருந்தவர்கள் மல்கம் யங், அங்கஸ் யங் என்ற கிற்றார் சகோதரர்கள். குரல் மாறியும் குழு மாறாமல் இருந்தமைக்கு அவர்களின் கிற்றார்தான் காரணம். நிர்வானாவில் கொபெய்னே பாடகரும் பாடலாசிரியரும். 1994 ஏப்ரலில் அவர் போனதோடு புதுப்பாட்டும் நின்றுபோனது.

மூன்றாவது, திரும்பி வந்தவர்கள். இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தகும். ஆனால் இணையக் கதைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ஏரோஸ்மித் குழு எழுபதுகளில் உச்சத்தில் இருந்து, போதையில் சிதறி, எண்பதுகளின் நடுவில் எல்லோருமாகச் சிகிச்சைக்குப் போனது. 1987 இல் வந்த அல்பம் அவர்களை மீண்டும் எழுப்பியது. அமெரிக்கப் பாடல் வரிசையில் அவர்களுக்கு முதலாவது முதலிடம் கிடைத்தது 1998 இல், தெளிந்த தலையோடு. ரெட் ஹொட் சிலி பெப்பர்ஸ் குழுவின் கிற்றார் கலைஞர் ஜோன் ஃப்ரூஷான்ரே 1992 இல் சுற்றுப்பயணத்தின் நடுவே விலகி, ஹெரோயினில் ஐந்தாறு ஆண்டுகளை இழந்து, 1998 இல் சிகிச்சை முடித்துத் திரும்பினார். மறு ஆண்டு வந்த அல்பம் அந்தக் குழுவின் மிகப் பெரிய வெற்றி. கிற்றார் கலைஞர் எரிக் கிளாப்ரன் தான் மீண்ட பிறகு, 1998 இல் கரீபியன் தீவான அன்ரிகுவாவில் சிகிச்சை நிலையமே தொடங்கினார்.

நான்காவது, உரிமை. பாட்டை எழுதியவருக்கான உரிமை ஒன்று, ஒலிப்பதிவுக்கான உரிமை இன்னொன்று. இவற்றைப் பிடித்து வைத்திருப்பவர்கள் விளம்பரத்துக்கும் படத்துக்கும் ரீசேட்டுக்கும் விடுவதால் பெயர் புழக்கத்தில் இருக்கிறது. நிர்வானாவின் சிரிப்பு முகத்துக்காக ஓர் ஆடை வடிவமைப்பாளர் மீது 2018 இல் தொடுத்த வழக்கு 2024 இல்தான் சமரசமானது. கொபெய்ன் இறந்து முப்பது ஆண்டுகள்.

வன்னிக்கு வந்தால்

கீத் றிச்சட்ஸ் கதையைப் பிள்ளைகள் விரும்பிச் சொல்வதுண்டு. ரோலிங் ஸ்ரோன்ஸ் கிற்றார் கலைஞரான அவர் 1977 இல் கனடாவில் ஹெரோயினோடு பிடிபட்டார். அடுத்த ஆண்டு நீதிபதி சிறைக்கு அனுப்பாமல், பார்வையற்றோருக்காக இசை நிகழ்ச்சி நடத்தும்படி உத்தரவிட்டார். அவர் கையிலிருந்ததாகப் பதிவான அளவு 22 கிராம். இலங்கையில் 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை; 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் ஐஸையும் உள்ளே கொண்டுவந்தது, எல்லை 5 கிராம். 1976 இற்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கில் போடவில்லை. ஆனால் ஆயுள் தண்டனை என்பது ஆயுள்தான். றிச்சட்ஸின் கதையை முன்மாதிரியாக எடுக்கும் இளைஞனிடம் றிச்சட்ஸின் வழக்கறிஞர்களும் இல்லை, கனடிய நீதிமன்றமும் இல்லை.

சிகிச்சை பற்றி ஒரு சொற்சிக்கல். "புனர்வாழ்வு" என்ற சொல் வன்னியில் 2009 இற்குப் பிறகு முன்னாள் போராளிகளை அனுப்பிய முகாம்களைக் குறித்தது. கந்தக்காடு நிலையம் முதலில் அவர்களுக்கும், பின்னர் போதைக்கு அடிமையானவர்களுக்கும் பயன்பட்டது. மகனுக்குப் புனர்வாழ்வு என்று கேட்டதும் தாய் முகம் வெளிறிப்போவதற்கு இந்தப் பின்னணி உண்டு. தானாகச் சென்று பெறும் சிகிச்சை வேறு, நீதிமன்றம் அனுப்புவது வேறு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கோ, மனநல உதவிக்கான 1926 இற்கோ அழைத்தால் தானாகச் சென்று பெறும் சிகிச்சையைப் பற்றி அறியலாம்.

ரொக் இசை இங்கே என்றுமே பெரிதாக வேரூன்றவில்லை. கிற்றாரோடு ஈழத்தில் பிறந்தது பொப் இசை. அதில் நித்தி கனகரத்தினம் பாடிய "கள்ளுக்கடைப் பக்கம் போகாதே" குடிக்கு எதிரான பாட்டு. அரை நூற்றாண்டு தாண்டியும் கலியாண வீடுகளில் அதற்கு மிக உற்சாகமாக ஆடுபவர்கள் யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: நேராக நிற்க முடியாதவர்கள். அந்தப் பாட்டு நின்றுபிடித்ததற்கு அதன் எளிய மெட்டும் வீட்டுப் பேச்சும் போதுமாக இருந்தன. பாடகர் விழுந்து எழும்பிய கதை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இன்று வன்னியில் ரொக் மேடைக்கு மிக அருகில் வருவது கோயில் திருவிழா இரவுகளின் இசைக்குழுக்கள். கீபோர்ட், கிற்றார், பேட் என்ற மின் தாளக்கருவி, இரண்டு பாடகர்கள். மாங்குளத்தில் ஓர் இரவு, அடுத்த இரவு புதுக்குடியிருப்பில், விடியப்புறம் வான் வண்டியில் தூக்கம். சுற்றுப்பயணத்தின் அத்தனை இலக்கணமும் சிறிய அளவில் இங்கே இருக்கிறது. ஐஸ் வருகிறதா என்று எல்லோரும் வாசலைப் பார்க்கிறார்கள். மேடைக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிகளின் மறைவில், ஏற்பாட்டாளர்களே கலைஞர்களுக்கு வைத்துக்கொடுக்கும் போத்தலை யாரும் பார்ப்பதில்லை. கேட்டால் அது உபசரிப்பு, வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு. 19, 20 வயது பேட் வாசிக்கும் பையனுக்கும் அதே கோப்பைதான் நீட்டப்படும். அவன் வேண்டாம் என்றால் ஒரு சிரிப்பும் கூடவே வரும். திருவிழா முடிந்து கணக்குக் கொப்பியைப் புரட்டினால், மின்சாரத்துக்கும் பந்தலுக்கும் நடுவே அந்தச் செலவு "சோடா" என்று எழுதப்பட்டிருக்கும்.